பழனிசாமியைத் தேடினேன்... காணவில்லை!

(மூன்றாமாண்டு, கணினிப் பொறியியல்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலர் கேட்டதும் முதலில் பயந்துதான் போனேன். கவிதை எனக்கு வராது. நகைச்சுவைத் துணுக்கு எழுதலாமென்றால், அதற்கு நான் மட்டும்தான் சிரிக்க வேண்டியிருக்கும். எனவே போன விடுமுறையில் ஒரு மாதம் பயிற்சிக்குப் போன இடத்தில் நான் செய்த ஒரு தவறையும், அதிலிருந்து கற்றதையும் எழுதுகிறேன். பாதி தியரி, பாதி அனுபவம். செமஸ்டருக்கு உதவுமோ இல்லையோ, நாளைக்கு வேலைக்குப் போகும்போது நிச்சயம் உதவும்.

அக்காவின் நாற்காலி

கோவையில் பம்பு மோட்டார் விற்கும் ஒரு கடை. அங்கே வாடிக்கையாளர் விவரங்களை எல்லாம் 'சி.ஆர்.எம்.' என்ற மென்பொருளில் ஏற்றி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒருநாள் லீவு. "தம்பி, நீ கம்ப்யூட்டர்தானே படிக்கறே, அங்க உக்காரு" என்றார் மேனேஜர். உட்கார்ந்தேன். அந்த அக்காவின் லாகினிலேயே வேலை செய்தேன். பெரிய ஆளாகிவிட்ட மாதிரி ஒரு நினைப்பு!

பதினொரு மணிக்கு வயதான ஒரு விவசாயி வந்தார். பல்லடம் பக்கம். வேட்டி மடிப்பில் இருந்து கடையின் நோட்டீஸ் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"ஏனுங்க தம்பி, கண்காட்சியில இந்தக் கடைக்காரங்ககிட்டப் பேரு எழுதிக் குடுத்துட்டு வந்தனுங்க. ஏழரை ஹெச்.பி. மோட்டாரு வேணும்னு. ஆளு வந்து போரைப் பார்த்துட்டு விலை சொல்றோம்னாங்க. இருபது நாளாச்சுங்க. ஒருத்தரும் வரலீங்க."

"பேரு என்னங்கய்யா?"

"பழனிசாமிங்க."

தட்டினேன். 31 பழனிசாமிகள் வரிசையாக வந்து நின்றார்கள்! ஒவ்வொருவராகப் பார்த்தேன். அவருடைய ஊரில் ஒருவர்கூட இல்லை.

"உங்க பேரே இல்லீங்களே அய்யா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். "எழுதுனதை நான் பார்த்தனே சாமி..." என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, வெயிலில் இறங்கிப் போய்விட்டார். மோட்டார் எரிந்து, தென்னம்பிள்ளைகள் காய்ந்து கொண்டிருந்த கதையெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர் பெயர் உள்ளேயேதான் இருந்தது, நண்பர்களே! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். அது ஏன் என் கண்ணில் படவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

'லீட்' என்றால் என்ன?

கடைக்காரர்கள் அந்தக் காலம் முதலே 'என்கொயரி நோட்டு' என்று ஒன்று வைத்திருப்பார்கள். விலை கேட்டவர் பெயர், ஊர், போன் நம்பர், என்ன கேட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும். இன்னும் வாங்கவில்லை, ஆனால் வாங்கக் கூடும். அவர்தான் 'லீட்'.

இந்த நோட்டைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்ததுதான் சி.ஆர்.எம்., அதாவது வாடிக்கையாளர் உறவு மேலாண்மை. அமெரிக்காவில் 1993ல் தொடங்கிய சீபெல் நிறுவனம் பெரிய கம்பெனிகளுக்கு இதை விற்றது. 1999ல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ், எதையும் இன்ஸ்டால் செய்யாமல் இணையத்திலேயே பயன்படுத்தும் முறையைக் கொண்டுவந்தது. நம் பக்கத்துக் கதையும் இதில் உண்டு. 1996ல் தொடங்கி, சென்னையை மையமாகக் கொண்டு வளர்ந்த அட்வென்ட்நெட் நிறுவனம் 2005ல் ஜோஹோ சி.ஆர்.எம்.மை வெளியிட்டது. 2009ல் அந்த நிறுவனத்தின் பெயரே ஜோஹோ என்று மாறியது. டிப்ளமோ முடித்தவர்களையும் சேர்த்துக்கொண்டு பயிற்சி தரும் பள்ளி ஒன்றையும் அது நடத்துகிறது என்பது நம்மைப் போன்றவர்களுக்கு உபரிச் செய்தி.

சரி, நோட்டில் இருந்தால் என்ன, கம்ப்யூட்டரில் இருந்தால் என்ன? நோட்டில் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் 'சர்ச்' இருக்கிறது. அந்த ஒரு வசதிக்குத்தான் பாதிக் காசு என்று சொல்லலாம். அந்த வசதியிலேயே கோட்டை விட்டால்?

தேடும்போது உள்ளே என்ன நடக்கிறது?

நம் வகுப்பு அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரை நினைத்துக் கொள்ளுங்கள். பெயர்கள் அகர வரிசையில் இருக்கின்றன. 'ப'வில் தொடங்கும் பெயர்கள் எங்கே என்றால் உடனே விரலை வைத்துவிடலாம். ஆனால் 'சாமி'யில் முடியும் பெயர்கள் எவை என்றால் முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை படித்தே ஆகவேண்டும்.

டேட்டாபேசிலும் இதே கதைதான். வரிசைப்படுத்தி வைத்ததற்கு 'இண்டெக்ஸ்' என்று பெயர். 10 லட்சம் பதிவுகள் இருந்தாலும், வரிசையாக இருந்தால் நடுவில் வெட்டி, பாதியை ஒதுக்கி, மறுபடி நடுவில் வெட்டி, சுமார் 20 முறை ஒப்பிட்டாலே ஆளைப் பிடித்துவிடலாம். பைனரி சர்ச் படித்தோமே, அதுதான். ஆனால் எஸ்.க்யூ.எல்.லில் 'லைக்' போட்டு முன்னால் % குறி வைத்தால், எங்கே ஆரம்பிப்பது என்று சாதாரண இண்டெக்சுக்குத் தெரியாது. முழுப் பட்டியலையும் படிக்கும். அதனால்தான் பல சி.ஆர்.எம்.களில் தேடுபெட்டி, சொல்லின் தொடக்கத்தை வைத்தே தேடுகிறது. நடுவிலிருந்து இரண்டு எழுத்தைத் தட்டிவிட்டு 'வரலையே' என்று திட்டக் கூடாது.

முக்கியமான விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் மனிதரைத் தேடுவதில்லை. நீங்கள் தட்டிய எழுத்துகளைத்தான் தேடுகிறது. பழனிசாமி என்ற விவசாயியை அதற்குத் தெரியாது.

ஒரே ஆள், நாலு எழுத்து

அந்தக் கடையில் பெயர்களை ஆங்கிலத்தில்தான் ஏற்றியிருந்தார்கள். பழனிசாமியை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? 'ழ'வுக்கு 'எல்' போடுபவர் உண்டு, 'இசட்-ஹெச்' போடுபவர் உண்டு. 'சாமி'யில் நடுவே 'டபிள்யூ' சேர்ப்பவர் உண்டு, சேர்க்காதவர் உண்டு. கடைசியில் 'ஒய்' போடுபவர், 'ஐ' போடுபவர். இந்த மூன்று இடத்திலும் இரண்டிரண்டு வழி என்றால், பெருக்கிப் பாருங்கள், 8 பழனிசாமிகள்! தமிழிலேயே ஏற்றினால் தீர்ந்ததா என்றால், 'பழனிசாமி', 'பழனிச்சாமி' என்று அங்கேயும் இரண்டு பேர்.

நான் 'எல்' போட்டுத் தேடினேன். கண்காட்சியில் பதிவு செய்தவர் 'இசட்-ஹெச்' போட்டிருந்தார். முடிந்தது கதை.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் இல்லை. ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் அமெரிக்காவில் 1918லேயே, எழுத்தை விட்டுவிட்டு ஒலியை வைத்துப் பெயர்களை வரிசைப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து வந்ததுதான் 'சவுண்டெக்ஸ்'. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள். உயிரெழுத்துகளையும் ஹெச், டபிள்யூ, ஒய் ஆகியவற்றையும் விட்டுவிடு. மற்ற எழுத்துகளுக்கு ஒலிக்குத் தக்க ஓர் எண் கொடு. எல் என்றால் 4. எம், என் இரண்டுக்கும் 5. எஸ், இசட், கே போன்றவற்றுக்கு 2. மூன்று எண் சேர்ந்ததும் நிறுத்து. ஆரக்கிள், எஸ்.க்யூ.எல். சர்வர் இரண்டிலும் இது ஒரு ஃபங்க்ஷனாகவே இருக்கிறது.

நம் ஆளைப் போட்டுப் பார்ப்போம். 'எல்' போட்ட பழனிசாமிக்கு பி-452 வருகிறது. 'டபிள்யூ' சேர்த்த பழனிஸ்வாமிக்கும் அதே பி-452! பலே! ஆனால் 'இசட்-ஹெச்' போட்ட பழனிசாமிக்கு வருவது பி-252. வேறு ஆள் என்று சொல்லிவிடுகிறது. ஆங்கிலக் காதுக்கு நம் 'ழ' கேட்காது, நண்பர்களே!

இன்னொரு வழி, ரஷ்யாவின் விளாதிமிர் லெவன்ஷ்டெய்ன் 1965ல் சொன்னது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவது. 'எல்'லை 'இசட்' ஆக்கி ஒரு 'ஹெச்' சேர்த்தால் போதும், தூரம் 2. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் ஆங்கிலத்தில் எழுதினால் 'ராஜா'வுக்கும் 'ரவி'க்கும்கூடத் தூரம் 2தான்! வலையை அகலமாக வீசினால் வேண்டாத மீனும் வரும். குறுக்கினால் வேண்டிய மீனும் போகும். எந்தத் தேடலிலும் இந்த இழுபறி உண்டு.

அப்படியானால் போன் நம்பர்?

பெயரை விட போன் நம்பர் நல்லது. பழனிசாமி 31 பேர் இருக்கலாம், ஒரு நம்பர் ஒரு இடத்துக்குத்தான் போகும். ஆனால் அதையும் நாம் விட்டு வைக்கவில்லை. ஒருத்தர் முன்னால் 0 போடுகிறார். ஒருத்தர் +91 போடுகிறார். ஒருத்தர் ஐந்து இலக்கம் எழுதி இடைவெளி விடுகிறார். எழுத்தாகப் பார்த்தால் இவை எல்லாம் வேறு வேறு. பதிவு செய்யும்போதே எண் அல்லாததை எல்லாம் நீக்கி, கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி போய்விடும்.

எக்செல்லில் வாங்கி ஏற்றுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 91 சேர்த்துப் பன்னிரண்டு இலக்கமாக அடித்தால், அது 'ஈ' போட்ட கணக்கு எண்ணாகக் காட்டும். அப்படியே சி.எஸ்.வி. ஃபைலாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். அந்தக் கட்டத்தை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட வேண்டும்.

இன்னொன்று. கிராமத்தில் அப்பா விசாரிப்பார், மகன் நம்பரைக் கொடுப்பார். நம் பழனிசாமி அய்யாவும் அப்படித்தான் கொடுத்திருந்தார். எனவே "உங்க நம்பர் சொல்லுங்க" என்று கேட்டால் போதாது. "அன்னைக்கு எந்த நம்பர் குடுத்தீங்க?" என்று கேட்க வேண்டும். நானோ அன்று எதையுமே கேட்கவில்லை.

இருந்தும் தெரியாதவர்கள்

அன்று சாயங்காலம் மேனேஜரிடம் சொன்னேன். அவர் தன் லாகினில் போய், பெயரே போடாமல், 'வந்த வழி: கண்காட்சி' என்று மட்டும் வடிகட்டி முழுப் பட்டியலையும் கண்ணால் படித்தார். மூன்றாம் பக்கத்தில் இருந்தார் அய்யா! ஊர்ப் பெயர், ஊருக்கான கட்டத்தில் இல்லை. 'குறிப்பு' என்ற கட்டத்தில் மோட்டார் விவரத்தோடு சேர்ந்து கிடந்தது.

அப்போதுதான் தெரிந்தது, நான் சரியான எழுத்தைப் போட்டிருந்தாலும் எனக்கு அவர் கிடைத்திருக்க மாட்டார் என்று. சி.ஆர்.எம்.மில் ஒவ்வொரு லீடுக்கும் ஓர் 'ஓனர்' உண்டு. அந்தக் கடையில் அவரவருக்கு அவரவர் லீட் மட்டும்தான் தெரியும்படி வைத்திருந்தார்கள். அய்யாவின் லீட், வேலையை விட்டுப் போன ஒரு சேல்ஸ் அண்ணன் பெயரிலேயே இருந்தது. அண்ணன் போய்விட்டார், லீட் அநாதையாகிவிட்டது.

இதேபோல் இன்னொரு மறைவிடமும் உண்டு. ஒருவர் வாங்குவது உறுதியானதும் லீடை 'கன்வர்ட்' செய்வார்கள். அதன் பிறகு அவர் 'காண்டாக்ட்' பகுதிக்குப் போய்விடுவார். லீட் பட்டியலில் மட்டும் தேடினால் ஆள் மாயம். ஆகவே ஒரு பகுதியில் இல்லை என்றால் மொத்தத் தேடலிலும் பார்க்க வேண்டும்.

வெற்றிடம் செய்த வேலை

எல்லாம் சரி, இருபது நாளாக ஏன் யாரும் அவரை அழைக்கவில்லை? மேனேஜர் தினமும் காலையில் ஒரு பட்டியல் எடுப்பார். 'கடைசியாகப் பேசிய தேதி 7 நாளுக்கு முந்தையது' என்பது நிபந்தனை. விட்டுப்போனவர்களைப் பிடிப்பதற்கென்றே போட்ட பட்டியல் அது. அய்யாவிடம் யாரும் ஒருமுறைகூடப் பேசவில்லை. ஆகவே அந்தத் தேதிக் கட்டம் காலி.

'நல்' என்று டேட்டாபேஸ் பாடத்தில் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பூஜ்யமும் இல்லை, பழைய தேதியும் இல்லை. 'தெரியாது' என்று பொருள். தெரியாததை எந்தத் தேதியோடு ஒப்பிட்டாலும் பதில் 'ஆம்' என்று வராது. எனவே ஒருமுறை பேசி மறந்தவர்கள் பட்டியலில் வந்தார்கள். ஒருமுறைகூடப் பேசாதவர் வரவே இல்லை! இரண்டு மார்க் கேள்வி என்று நான் மனப்பாடம் செய்த விஷயம், ஒருவருடைய தென்னந்தோப்பில் போய் முடிந்தது. 'அல்லது தேதி காலியாக உள்ளது' என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்திருக்கும்.

அந்த 'அல்லது'வைச் சேர்க்கும்போதும் ஜாக்கிரதை. 'பல்லடம் அல்லது சூலூர் மற்றும் 7 நாளாகப் பேசாதவர்' என்று அடைப்புக்குறி இல்லாமல் போட்டால், எஸ்.க்யூ.எல். 'மற்றும்' என்பதைத்தான் முதலில் பார்க்கும். பல்லடத்துக்காரர்கள் எல்லோரும் வருவார்கள், சூலூரில் மட்டும் பேசாதவர்கள் வருவார்கள். ஊர்கள் இரண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டால்தான் நாம் நினைத்தது கிடைக்கும்.

எங்கப்பா பெயர்

இது ஏன் எனக்கு இவ்வளவு உறுத்தியது என்று சொல்லிவிடுகிறேன். எங்கப்பா பெயர் வெள்ளிங்கிரி. பள்ளிக்கூடம் போகாதவர். அவர் பெயரை யார் யாரோ எழுதினார்கள். ஒரு அட்டையில் வெள்ளிங்கிரி, இன்னொன்றில் வெள்ளியங்கிரி. என் படிப்புக்கு ஒரு சான்றிதழ் வாங்கப் போன இடத்தில், "உங்க பேரு கம்ப்யூட்டர்ல இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டு நாள் கூலி போச்சு. "நான் இங்கதானே கண்ணு நிக்கறேன், எப்படி இல்லைங்கறாங்க?" என்று என்னிடம் கேட்டார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் முதல்முதலாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவன் நான். உட்கார்ந்த முதல் வாரத்திலேயே அதே வார்த்தையை இன்னொருவரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

நாம் நினைவில் வைக்க வேண்டியவை

1. பதிவு செய்பவரும் தேடுபவரும் ஒரே எழுத்து முறையை வைத்துக்கொள்ள வேண்டும். ஊருக்கு ஊர்க் கட்டம், பெயருக்குப் பெயர்க் கட்டம். ஊரைப் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கும்படி வைத்தால் இன்னும் நல்லது.

2. முழுப் பெயரைத் தட்டாதீர்கள். குழப்பம் வராத முதல் சில எழுத்துகளைப் போடுங்கள். பழனிசாமிக்கு அதுவும் உதவாது, மூன்றாம் எழுத்திலேயே சண்டை. அங்கே போன் நம்பர், ஊர், வந்த வழி என்று வேறு பக்கத்திலிருந்து போங்கள்.

3. புதிதாக ஏற்றும் முன் நம்பரை வைத்து ஒருமுறை தேடுங்கள். இல்லையென்றால் ஒரே ஆள் மூன்று லீட் ஆவார், மூன்று பேர் போன் செய்து அவரைத் தொந்தரவு செய்வார்கள்.

4. ஒருவர் வேலையை விட்டால், அவருடைய லீட்களை அன்றே இன்னொருவர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

5. காலிக் கட்டங்களுக்கென்று தனியாக ஒரு பட்டியல் எடுங்கள். மறந்துபோனவர்கள் அங்கேதான் இருப்பார்கள்.

6. தேட முடிகிறது என்பதற்காக எல்லாவற்றையும் தேடக் கூடாது. மோட்டார் விலை கேட்கக் கொடுத்த நம்பர், மோட்டார் விலை சொல்ல மட்டும்தான். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நம் வீட்டுப் பெண்கள் நம்பரும் ஏதோ ஒரு கடையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் போதும்.

7. கடைசியாக, ஆனால் முதலாவதாகச் சொல்லியிருக்க வேண்டியது: 'நோ ரிசல்ட்ஸ்' என்று வந்தால் 'நீங்க இல்லை' என்று பொருள் இல்லை. 'நான் தேடிய விதத்தில் கிடைக்கவில்லை' என்றுதான் பொருள்.

பிறகு என்ன ஆயிற்று?

மறுநாள் அந்த நம்பருக்கு நானே போன் செய்தேன். மகன் எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். வேறு இடத்தில் மோட்டார் வாங்கி இறக்கிவிட்டார்களாம். கடைக்கு ஒரு வியாபாரம் போச்சு. அவருக்கு நாற்பது தென்னம்பிள்ளையில் பதினொன்று போச்சு. "மன்னிச்சிருங்கய்யா, உங்க பேரு இருந்துச்சுங்க. எனக்குத்தான் தேடத் தெரியலை" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இருந்துச்சா? அதான் சாமி, எழுதுனதைப் பார்த்தனேன்னு எனக்கே சந்தேகமாயிருச்சு" என்றார்.

நண்பர்களே, நாளை நம்மில் பலர் ஏதோ ஒரு கவுண்டரில், ஏதோ ஒரு திரைக்கு முன் உட்காரத்தான் போகிறோம். எதிரே நிற்பவர் நம் அப்பா வயதில் இருப்பார். "இல்லீங்க" என்று சொல்லும் முன், இன்னொரு முறை, வேறு மாதிரி தேடிப் பார்ப்போம்.